போன பாதையால் திரும்பி வருதல்: கல்முனையிலிருந்து பதினெட்டு வளைவுக்கு ஒரு சைக்கிள்

"போன பாதையால திரும்பி வராத மகன்."

என் வாப்பா எனக்குச் சொல்லித் தந்த முதலாவது வீதி ஒழுங்கு இதுதான். 1990 இற்குப் பிந்திய வருடங்கள். சம்மாந்துறைக்கு அப்பால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. விதைப்புக் காலத்திலும் காவல் காலத்திலும் வாப்பா தன் பழைய றலி சைக்கிளில் அங்கு போவார். போகும்போது ஒரு வாய்க்கால் கரை என்றால் வரும்போது இன்னொன்று. நேரத்தையும் மாற்றிக்கொள்வார். வயலுக்குப் போனவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் மையித்தாகத் திரும்பி வந்த காலம் அது. நம்மை எவரோ பார்த்துக்கொண்டிருக்கலாம், பார்த்தவர் நாம் திரும்பி வரும் வரைக்கும் காத்திருக்கலாம் என்பதுதான் அந்த ஒழுங்கின் கருத்து. வடக்கிலும் கிழக்கிலும் இதை வாசிக்கின்ற பலருக்கு அவரவர் வீட்டில் இதே பாடம் வேறு சொற்களில் சொல்லப்பட்டிருக்கும்.

எனக்கு இப்போது நாற்பது கடந்துவிட்டது. பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். கடந்த ஒன்றரை வருடமாக நான் பழகிவருவது வாப்பாவின் ஒழுங்குக்கு நேரெதிரான ஒரு விடயம். ஒரு மலைப்பாதையைத் தெரிவு செய்து, அதில் சைக்கிளில் ஏறி, அதே பாதையால் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். ஏறிய உயரங்களின் கூட்டுத்தொகை 8848 மீற்றர், அதாவது எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் ஆகும்வரை நிறுத்தக் கூடாது. இடையில் சாப்பிடலாம், இளைப்பாறலாம். தூங்கக் கூடாது. வேறு பாதையால் இறங்கவும் கூடாது. உலகெங்கும் சைக்கிள்காரர்கள் இதை 'எவரெஸ்ரிங்' என்கிறார்கள்.

இதன் தொடக்கமும் ஒரு குடும்பக் கதைதான். ஜோர்ஜ் மலோரி என்ற ஆங்கிலேயர் 1924 இல் எவரெஸ்டில் காணாமல் போனார். அதே பெயருடைய அவருடைய பேரன் 1994 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்கு அண்மையில் உள்ள டொனா புவாங் மலைப்பாதையில் திரும்பத் திரும்பச் சைக்கிளில் ஏறி, ஒரே முயற்சியில் எவரெஸ்டின் உயரத்தை எட்டினார். பாட்டனார் திரும்பி வராத சிகரத்துக்குப் போவதற்கான பயிற்சி அது. அடுத்த வருடம் அவர் அந்தச் சிகரத்திலும் ஏறி இறங்கினார். 2014 இல் அன்டி வான் பேர்கன் என்பவர் இதற்கு விதிகள் வகுத்து ஒரு சவாலாக அறிவித்தார். கொவிட் முடக்கத்தின்போது போட்டிகள் எல்லாம் நின்று போயிருக்க, இது உலகம் முழுவதும் பரவியது. 2021 இல் அயர்லாந்துக்காரர் ரோனன் மக்லொக்லின் 6 மணி 40 நிமிடத்தில் முடித்தார். என்னைப் போன்றவர்களுக்கு இருபது மணித்தியாலத்துக்குக் குறையாது.

நமது நாட்டின் அதியுயர் மலையான பீதுருதாலகாலவின் உயரம் 2524 மீற்றர். அதைக் கடல் மட்டத்திலிருந்து மூன்றரைத் தடவை ஏறினால் வருகின்ற உயரம் இது. 400 மீற்றர் உயர்கின்ற ஓர் ஏற்றத்தைத் தெரிவு செய்தால் 22 தடவை ஏறியும் 48 மீற்றர் குறையும். ஆகவே 23 தடவை. அந்த ஏற்றத்தின் நீளம் ஆறரைக் கிலோமீற்றர் என்றால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாரத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் உடம்பு ஏறக்குறைய 7000 கலோரி எரிக்க வேண்டும். சாதாரண ஆளொருவரின் மூன்று நாள் சாப்பாடு அது. இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டியபோது, "அவ்வளவு சோத்தையும் எங்க சேர் வச்சிக்குவீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. சரியான கேள்வி. இந்தச் சவாலில் கால்களுக்கு முதல் தோற்றுப் போவது பெரும்பாலும் வயிறுதான்.

கல்முனையை அறிந்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். இங்கே மலை ஏது? பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமாக நீளும் எங்கள் ஊர்கள் தட்டையானவை. கிழக்கே கடல். மேற்கே வயல். கிட்டங்கித் தாம்போதி ஏற்றம்கூட இல்லை, மாரியில் வெள்ளம் அதன் மேலால் ஓடும். பாலங்களில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நாலு மீற்றர் உயரமான பாலம் என்றால் 2212 தடவை.

மலை இல்லையே தவிர எங்களுக்குக் கச்சான் காற்று இருக்கிறது. வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து சூடாக, வறண்டு, மண்ணையும் உமியையும் அள்ளிக்கொண்டு வரும். காரைதீவுச் சந்தியில் மேற்கே கிறுகி அம்பாறை வீதியில் உழக்கத் தொடங்கினால் முகத்தில் நேராக அடிக்கும். அதுதான் என் மலை. காற்றை எதிர்ப்பதற்கான உழைப்பு வேகத்தோடு மிக விரைவாகப் பெருகும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் தண்டனை பல மடங்கு. பொறுமையைப் பழக இதைவிட நல்ல ஆசான் இல்லை. ஆனால் காற்றும் மலையும் ஒன்றல்ல என்பதைப் பிறகுதான் படித்தேன். காற்றில் ஒருவர் முன்னால் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளலாம். மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் மலையில் அந்த ஒளிப்பு உதவாது. அவரவர் பாரம் அவரவருக்கு.

அந்த ஒளிப்புக்கு எனக்கு ஒரு துணை உண்டு. பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் நண்பன். வங்கியொன்றில் வேலை. இருவரும் ஒரே மாநகர சபைக்கு வரிகட்டுகிறோம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதா இல்லையா என்ற விடயத்தில் இரண்டு பக்கமாக நிற்கிறோம். 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் நடந்த நாட்களில் நாங்கள் இரண்டு கிழமை ஒன்றாக ஓடவில்லை. மூன்றாவது கிழமை, "மச்சான், செயலகம் இருக்கிற இடத்தில இருக்கட்டும், காத்துக்கு ஆள் வேணும் வா" என்று வாசலில் வந்து நின்றான். அவனுடைய சைக்கிள் புதிது. என்னுடையது மூன்று சைக்கிளின் எலும்புகளில் உருவானது. இறக்குமதிக் கட்டுப்பாடும் டொலர் நெருக்கடியும் இருந்த வருடங்களில் நல்ல கியர்ச் சில்லு ஒன்றை எடுப்பது பெண் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாப்பாவின் சைக்கிளில் முன் சில்லுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18. பெடலை ஒருமுறை சுற்றினால் ஐந்து மீற்றர் போகும். வயல் வீதிக்கு அது போதும். மலைக்கு முன்னும் பின்னும் 34 பல்லு வேண்டும். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர்தான் போகும். மெதுவாகத்தான். ஆனால் முழங்கால் பிழைக்கும்.

சாப்பாட்டு விடயத்தில் இணையத்தில் சொல்லப்படும் 'ஜெல்' பக்கற்றுகள் எங்கள் சம்பளத்துக்குச் சரிவராது. பேரீச்சம்பழம், தொதல், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி, பாமசியில் ஜீவனி. நோன்பு மாதத்தில் இஷாவும் தராவீஹும் முடிந்த பிறகு ஓடிப் பார்த்ததில், பிளாஸ்குக்குள் ஊற்றிய நோன்புக் கஞ்சிக்கு இணையான மருந்தை நான் இதுவரை கண்டதில்லை. உப்பு, அரிசி, தேங்காய்ப்பால், கொஞ்சம் இறைச்சி. வெள்ளைக்காரர்கள் அதைப் பக்கற்றில் அடைத்து விற்காதது அவர்களின் துரதிஷ்டம்.

நாங்கள் தெரிவு செய்திருப்பது மஹியங்கனையிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில் ஹசலகவுக்கு அப்பால் தொடங்கும் பதினெட்டு வளைவு. கிழக்கிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன தலைமுறைகளுக்கு அது பஸ் யன்னலால் வாந்தி எடுத்த இடமாக ஞாபகம் இருக்கும். கல்முனையிலிருந்து அதன் அடிவாரத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அம்பாறை, உகன, மஹா ஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை. மலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மலைக்குப் போகும் வீதியைத் தாண்டி எழுத முடியவில்லை.

காரைதீவைத் தாண்டினால் மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த இடத்தில்தான் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. கரையோர ஊர்களை மாவட்டத் தலைநகரோடு இணைக்கும் பிரதான வீதி இது. ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் குறுக்கறுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பயிற்சியின் முதல் அரை மணித்தியாலத்துக்குள் அந்த இடம் வந்துவிடும். அதில் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

பிறகு சம்மாந்துறை. பக்கத்தில் வீரமுனை. 1990 ஆகஸ்டில், அங்கு கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கிருந்தது என்பது தமிழர்களின் குற்றச்சாட்டு. அதே மாதம் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். எங்கள் ஊரில் காத்தான்குடியைப் பற்றிக் கதைக்கும் அளவுக்கு வீரமுனையைப் பற்றிக் கதைப்பதில்லை. நண்பனின் ஊரில் மறுதலை. அவனுடைய மாமா ஒருவர் 1990 ஜூனில் கல்முனையில் கொண்டு போகப்பட்டவர். இன்றுவரை இல்லை. ஐந்து வருடம் ஒன்றாக ஓடிய பிறகுதான் அதைச் சொன்னான், அதுவும் காற்றுக்குள். நான் அவனுக்குப் பின்னால் ஒளிந்து வந்துகொண்டிருந்தேன். முகம் தெரியவில்லை. அப்படிச் சொல்வதுதான் அவனுக்கு இலகுவாக இருந்திருக்க வேண்டும்.

மல்வத்தை தாண்டி அம்பாறை நகரம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961 இல் உருவான மாவட்டமும் எங்கள் கரையோரத்தின் நிர்வாகத்தை இங்கே கொண்டு வந்து வைத்தன. காணிப் பிரச்சினை என்றாலும் இங்குதான் வர வேண்டும். தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் கிடைக்கும். கல்முனையை மையமாகக் கொண்ட கரையோர மாவட்டம் வேண்டும் என்று முஸ்லிம் அரசியல்வாதிகள் தேர்தல் தோறும் கேட்பதும், தேர்தல் முடிய மறப்பதும் வழமை. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, சாப்பாட்டுக் கடையொன்றில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுத்தார்கள் என்ற வதந்தியில் இந்த நகரத்தின் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று சொல்லப்பட்டது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். அறிக்கை வருவதற்குள் தீ இதே வீதியின் மறு அந்தத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் திகன, தெல்தெனிய. பதினெட்டு வளைவில் ஏறிக் கண்டிப் பக்கம் இறங்கினால் அந்த ஊர்கள்தான் வரும்.

அம்பாறைக்கும் மஹா ஓயாவுக்கும் இடையில் அரந்தலாவை. 1987 ஜூன் 2 ஆம் திகதி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த 33 பிக்குகளைப் புலிகள் கொன்ற இடம். அநேகமானோர் சிறுவயதுச் சாமணேரர்கள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. நாங்கள் ஒருமுறை சைக்கிளை நிறுத்தி உள்ளே போனோம். எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளை உடுப்பில் வந்திருந்தார்கள். ஒருவர் எங்களிடம் ஊர் கேட்டார். கல்முனை என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரே வீதியில் எல்லோருடைய சாவும் இருக்கிறது. நினைவிடம் சிலருக்குத்தான் இருக்கிறது.

இனி மலைக்கு வருகிறேன். முதலாவது இரவுப் பயிற்சியை நான் தனியாகச் செய்தேன். நண்பனுக்கு அன்று விடுமுறை கிடைக்கவில்லை. சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், மஃரிபுக்குப் பிறகு அடிவாரத்தில் தொடங்கினேன். திட்டம் ஆறு ஏற்றம். முதலாவது ஏற்றம் சுகம். குளிர் காற்று, தவளைச் சத்தம், கீழே தூரத்தில் மஹியங்கனையின் வெளிச்சம். இரண்டாவது தடவை இறங்கி வரும்போது ஒரு ரோந்து ஜீப் நின்றது.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்கிறார்கள்.

எங்கேயும் இல்லை என்பதுதான் உண்மையான பதில். மேலே போகிறேன், பிறகு கீழே வருவேன், பிறகு மேலே போவேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொல்லிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று விளங்கியது. அடையாள அட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பெயர். ஊர். முதுகுப்பையைத் திறந்து கஞ்சிப் பிளாஸ்க்கை மணந்து பார்த்தார்கள். மலையில் ஏறுவதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வர வேண்டும் என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரில் மலை இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, விட்டுவிட்டார்கள். அடுத்த இறக்கத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். அதே கேள்வி, அதே பதில், இந்த முறை சிரிப்பு இல்லை, இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதினார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை, ஏசவில்லை. ஆனால் நாலாவது ஏற்றத்தில் என் கால்கள் ஓடவில்லை. மூச்சு நன்றாக இருந்தது, தசையில் பிடிப்பு இல்லை. பயம்தான். வீட்டுக்குத் தெரியாமல் வந்திருந்தேன். அந்தக் கொப்பியைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்கி, விடியும் வரை ஒரு கடைத் தாழ்வாரத்தில் இருந்தேன்.

அந்த இரவுக்குப் பிறகுதான் இந்தச் சவாலின் விதிகளை வேறு கண்ணால் வாசித்தேன். இரவில், ஒரு வீதியில், தலையில் விளக்கோடு, முதுகில் பையோடு, எந்த இடத்துக்கும் போகாமல், ஒரே துண்டுக்குள் இருபத்து மூன்று தடவை போய் வர வேண்டும். இதை ஒரு பொலிஸ் முறைப்பாட்டில் எழுதினால் எப்படி இருக்கும்? உலகத்தில் எந்த மலையிலும் எவரும் செய்யலாம் என்பதுதான் இந்தச் சவாலின் பெருமை. ஒரு வீதியில் காரணமில்லாமல் நிற்கும் உரிமையுள்ள எவரும் என்று அதைத் திருத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்த சத்தத்தை எங்கள் வீட்டில் இருந்து கேட்டோம். அந்தக் கொலைகாரர்களை எங்கள் ஊர் மக்களே காட்டிக் கொடுத்தார்கள் என்பது பத்திரிகைகளில் ஓரிரு நாள் வந்தது. மறுகா வந்த மாதங்களில், கையில் பையோடு பஸ் ஏறுவதற்கே இளைஞர்கள் கூசினார்கள். தூசுக்காகச் சைக்கிள்காரர்கள் மூக்கு வரை இழுத்துவிடும் துணியை நான் இன்றைக்கும் அம்பாறைக்கு அங்கால் கழுத்துக்கு இறக்கிவிடுகிறேன். தும்மல் பரவாயில்லை. 1979 இல் மூன்று வருடத்துக்கு என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழ் இளைஞர்களை எப்படி விழுங்கியது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2019 இற்குப் பிறகு அதன் வாய்க்குள் நாங்களும் போனோம். தமிழர்கள் மீது அது பாய்ந்த காலத்தில் எங்களில் பலர் மௌனமாக இருந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியும் அதை நீக்குவதாகத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியது. முன்பிருந்தவர்களும் சொன்னார்கள். சோதனைச்சாவடியைக் கழற்றி லொறியில் ஏற்றி விடலாம். கொப்பியில் இலக்கம் எழுதும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கும்வரை அந்த இடத்தில் என் கால் தானாகவே பிரேக் பிடிக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நாட்டில் நீண்ட தூரச் சைக்கிளோட்டம் பெருமளவுக்கு முப்படைகளின் கையில் இருக்கிறது. பெரிய போட்டிகளில் முன்னுக்கு வருகின்ற அணிகளில் பல இராணுவம், விமானப்படை, கடற்படை அணிகள். விமானப்படை 1999 முதல் நடத்தும் சைக்கிள் சவாரி நாடறிந்த போட்டி. அந்த வீரர்களின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களோடு ஏறிப் பார்த்தால் தெரியும். ஆனால் அவர்களுக்கு முன்னும் பின்னும் வாகனம் போகும், வீதி மூடப்படும், அம்புலன்ஸ் வரும். எங்கள் கரையோரத்தில் சைக்கிளோட்டம் என்றால் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் ஒரு நாள், பரிசாக ஓர் அண்டா. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகு, நோயாளி, பிணம் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி இழுத்தார்கள். கிளாலிக் கடலில் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கால்களில் எத்தனை எவரெஸ்ட் இருந்திருக்கும்? எவரும் கணக்கு வைக்கவில்லை.

ஆணாகிய என் கதையே இவ்வளவு என்றால், என் தங்கச்சி பதின்மூன்று வயது வரை என்னைவிட வேகமாக ஓடியவள். அதோடு சைக்கிள் சுவரில் சாய்ந்தது. அவளை நிறுத்தியது இராணுவமுமில்லை, புலியுமில்லை, நாங்கள்தான்.

அந்த விடியற்காலையில் தாழ்வாரத்துக்குரிய கடைக்காரர் வந்தார். வயதானவர். இரவு இரண்டு தடவை நான் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மொனவத நெத்தி உனே?" என்ன தொலைந்தது? எதையோ விழுத்திவிட்டுத் தேடிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் எவரெஸ்ட் கணக்கைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் அடுத்த தடவை நண்பனோடு போனபோது, நாங்கள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கடைக்குள் இருந்து விரலைத் தூக்கிக் காட்டினார். ஐந்துக்குப் பிறகு இரண்டு கையும். அன்று பத்து ஏற்றம் முடித்தோம். ஜீப் வரவில்லை. வந்திருந்தாலும் இரண்டு பேர் என்பதாலும், எங்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் அங்கே இருந்தார் என்பதாலும் அது வேறு மாதிரி இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எங்களைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் பார்ப்பதில்லை.

முழு முயற்சியைக் கடந்த டிசெம்பரில் செய்ய இருந்தோம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் ஊர்கள் மண்ணுக்குள் போயின, பாதைகள் பல மூடப்பட்டன, நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மண்ணின் மேல் விளையாட்டுக்காக ஏறி இறங்குவதை மனம் ஏற்கவில்லை. கல்முனையிலிருந்து நிவாரண லொறிகள் இதே வீதியால் போயின. அரிசியும் பாயும் ஏற்றிய ஒன்றில் நானும் போனேன். சுனாமியில் எங்களுக்கு வந்தது இந்த வழியால்தான்.

மழையை விட எனக்குப் பயம் இறக்கம்தான். ஏறுவதில் எவரும் சாவதில்லை. தூக்கக் கலக்கத்தில், நனைந்த வளைவில், கை விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகிற இருபதாவது இறக்கத்தில்தான் ஆபத்து. எதிரே கண்டி பஸ் வரும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வீதி விபத்தில் இறக்கும் நாடு இது. ஆகவே ஒவ்வொரு நாலு ஏற்றத்துக்கும் ஒருமுறை பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்ப்பது, இரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை இறக்கத்தில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை, ஒருவர் வேண்டாம் என்றால் இருவரும் நிறுத்துவது என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதமும் எழுதியாயிற்று. அனுமதி கேட்கவில்லை, அறிவித்திருக்கிறோம். அந்த வித்தியாசத்துக்காக நண்பனும் நானும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். அவன் 'அனுமதி' என்று எழுதச் சொன்னான். பாதுகாப்பு என்று பார்த்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கலாம்.

ஹஜ் பெருநாளுக்குப் பிறகு, ஜூனில் என்று முடிவு. அந்த மலைச்சரிவில் அப்போது மழை குறைவு. பொசன் நாட்களைத் தவிர்க்க வேண்டும், மஹியங்கனைக்கு யாத்திரை வாகனம் நிறைந்துவிடும். வெள்ளி ஜும்ஆ முடிந்து வேனில் புறப்பட்டு, அஸருக்குப் பிறகு முதல் ஏற்றம். அதுவரை சனிக்கிழமைகளில் கச்சானுக்குள் அம்பாறைக்குப் போய் வருவோம்.

வாப்பாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. கடிதம் எழுதிய இரவு அவரிடம் சொன்னேன். போன பாதையாலயே திரும்பி வர வேண்டும், அதுதான் விதி என்றேன்.

"எத்தின தரம்?"

"இருவத்தி மூணு."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்தப் பாண்டிருப்புப் பொடியனும் வாறானா என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப பின்னுக்குச் செவப்பு லைட்டு ரெண்டு பேருக்கும் போடுங்க" என்றார்.